பூக் கேட்ட நாள்

என் தம்பி என்னிடம் கருத்துக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவன் எதையும் கேட்டுச் செய்தவன் அல்லன், செய்துவிட்டுச் சொல்லுகிறவன். மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு மாடி எடுத்ததையும், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டதையும், மனைவியை எந்த மருத்துவமனையில் சேர்த்திருக்கிறான் என்பதையும் முடித்த பிறகே எனக்குத் தெரிவித்தான். அந்த அம்மாள் பிழைக்கவில்லை. அப்போதுகூட, அடுத்து என்ன செய்வது என்று அவன் என்னைக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடலூரிலிருந்து முதற்பேருந்தில் புறப்பட்டுச் சிதம்பரத்துக்கு வந்து, நான் பதிகம் ஓதி முடித்துப் பூசையறையிலிருந்து வெளிவரும் வரை கூடத்தில் காத்திருந்தான். பக்கத்தில் ஒரு பையில் பலாச்சுளை.

"நீ இன்னாக்கா நெனக்கிற?" என்றான்.

எதைப் பற்றி என்றுகூட இன்னும் சொல்லவில்லை. நான் பலாச்சுளைப் பையைப் பார்த்தேன்.

"இது எங்க வாங்கின?"

"வர்ற வழியிலதான். காடாம்புலியூர்ல."

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வருகிற வழியில் காடாம்புலியூர் இல்லை. அது பண்ருட்டிப் பக்கம்; முந்தின நாளே வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் அவன் போவதென்றால் ஒரே காரணந்தான் உண்டு: மங்கலம்பேட்டையில் இருக்கிற அவன் மச்சானைப் பார்க்க. ஆக, என்னிடம் கருத்துக் கேட்க வருவதற்கு முன்பே அவன் இன்னொருவரிடம் கேட்டாயிற்று. ஒருவேளை அங்கேயே முடிவும் ஆகியிருக்கலாம்.

இப்படி நான் கணக்குப் போடுவதற்கு என் தொழிலும் ஒரு காரணம். உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தேன். அதிலும் பழைய ஆங்கில நாடகங்களே என் பங்கு. அரசரும் அமைச்சரும் படைத்தலைவரும் உலவுகிற அந்த நாடகங்களில் ஒருவர் மற்றவரின் கருத்தை அறிய எத்தனையோ விதமாகக் கேட்பார்கள். இன்றைய ஆங்கிலத்தில் கேள்விக்கு முன்னால் 'டூ' என்றொரு துணைச்சொல் வாயிற்காவலனைப் போல வந்து நிற்கிறது. அக்காலத்தில் அந்தக் காவலன் கிடையாது. 'வாட் திங்க் யூ', என்ன நினைக்கிறாய், என்று நேரே உள்ளே நுழைந்துவிடுவார்கள். 'ஹௌ சே யூ', என்ன சொல்லுகிறீர்கள், என்பது இன்னும் கடுமையானது. குற்றவாளியா இல்லையா என்று சொல்ல அமர்ந்திருப்பவர்களைப் பார்த்து வழக்கு மன்றத்தில் கேட்பது. அதற்கு வரும் ஒற்றைச் சொல்லில் ஒருவன் தலை தப்பலாம், போகலாம். 'வாட் இஸ் யுவர் ப்ளெஷர்' என்பது பணிந்து நிற்பவன் கேட்பது. நம் அடியார்கள் இறைவனிடம் திருவுளம் யாதோ என்று விண்ணப்பிக்கிறார்களே, அதற்கு அருகில் வைக்கத் தக்கது. 'ஹௌ லைக் யூ திஸ்', இது பிடித்திருக்கிறதா, என்று ஒன்றுண்டு. காரியத்தை முடித்துக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுக் கேட்பது. நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் அது முடிந்த காரியம்.

வகுப்பில் இவற்றை விளக்கும்போது, சொற்கள் எப்படி இருந்தாலும் கேட்டவன் விடைக்காக நிற்கிறானா, நடக்கத் தொடங்கிவிட்டானா என்று பாருங்கள் என்பேன். அந்த வெள்ளிக்கிழமை என் தம்பி உட்கார்ந்துதான் இருந்தான். ஆனால் நடந்துகொண்டிருந்தான் என்றே எனக்குப் பட்டது.

விஷயம் அவன் மகளின் திருமணம். கடலூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவள். உடன் வேலை பார்க்கும் பையனை விரும்புகிறாள். பையன் கிறிஸ்தவக் குடும்பம். தாய் ஆசிரியை, தகப்பனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இது எனக்கு முன்பே தெரியும், அவளே சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியாத பகுதி, அவளுடைய தாய்மாமன் தன் மகனுக்கு அவளைக் கேட்கிறார் என்பது. தன் அக்கா இருந்தபோதே பேச்சு இருந்தது, அவள் போய்விட்டதால் பேச்சும் போய்விடுமா என்று கேட்டிருக்கிறார். என் தம்பி எதற்கும் பதில் சொல்லாமல் பல மாதம் தள்ளியிருக்கிறான். இப்போது மச்சானே ஒரு வழி சொல்லியிருக்கிறார்.

"அம்மன் கோயில்ல பூக் கேட்டுடலாம்ங்கறாரு. வெள்ள வந்தா பொண்ணு இஷ்டம். செவப்பு வந்தா அவரு வீட்டுக்கு. அதுக்கப்புறம் யாரும் பேசக் கூடாது."

"பொண்ணு ஒத்துக்கிட்டாளா?"

"ஒத்துக்கிட்டா."

"பொட்டலம் யாரு கட்டுறது?"

அவன் சுளை ஒன்றை எடுத்துக் கொட்டையை நீக்கினான். "பெத்தவன் கட்டுறதுதான் மொறன்னு மச்சானே சொல்லிட்டாரு. நீ பெரியவ, கூட நிக்கணும். அதான் கேக்க வந்தேன்."

எங்கள் குலதெய்வக் கோயில் குமராட்சிக்கு அப்பால், கொள்ளிடத்தில் போய்ச் சேரும் ஒரு வாய்க்காலின் கரையில் இருக்கிறது. அம்மன் சிறியவள், வழக்கம் பழையது. வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டையை வைத்து மடித்து நாரால் கட்டுவார்கள். இன்னொன்றில் சிவப்பு இட்லிப்பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டு, விவரம் அறியாத வழிப்போக்கர் யாரையாவது அழைத்து ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். எடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் அதுவே அம்மன் வாக்கு. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. குடும்பத்தில் மூத்தவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டுபோய் ஓடுகிற நீரில் விட வேண்டும். பிரித்தால் அம்மன் சொன்னதை நம்பவில்லை என்று ஆகும். அந்தக் குடும்பம் மறுபடி அங்கே பூக் கேட்க முடியாது.

கருத்துக் கேட்பதில் இதைவிடப் பழைய முறை எனக்குத் தெரியாது. இதைவிடப் பணிவானதும் தெரியாது. அன்று என்னை உறுத்தியதும் அந்தப் பணிவுதான். இரண்டு பொட்டலத்திலும் இட்லிப்பூவையே வைத்துக் கட்டிவிட்டால் போதும். மகளிடம் முடியாது என்று சொல்ல வாயில்லாத தகப்பன், அதை அம்மன் வாயால் சொல்ல வைத்துவிடலாம். மச்சான் வீட்டோடு இருந்த பழைய பேச்சும் காப்பாற்றப்பட்டதாகும். சாட்சிக்கு, நாள்தோறும் திருமுறை ஓதுகிற மூத்தவள் ஒருத்தி. அதற்குத்தான் நான்.

அன்று பிற்பகல் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். சிறுமியாக என் வீட்டுக்கு விடுமுறைக்கு வரும் நாட்களிலிருந்தே எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. தோசையா, பூரியா என்பதற்குக்கூட அவள் வழக்கு மன்றத்து நீதிபதியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். அன்றும் அப்படியே எடுத்தாள்.

"ஹௌ சே யூ, அத்த?"

"வெளயாடாத. பூக் கேக்கறதுக்கு நீ ஏன் ஒத்துக்கிட்ட?"

"ஏன், அம்மன் மேல ஒனக்கு நம்பிக்கை இல்லியா? நீயே இப்டிக் கேட்டா எப்டி?"

"அம்மன் மேல இருக்கு. கட்டுறவன் மேலதான் இல்ல."

 மறுமுனையில், வங்கியில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அப்பா கட்டுறாருன்னா சரி அத்த," என்றாள்.

இவ்வளவுதான் சொன்னாள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. தன் வாழ்க்கையை இரண்டு இலைப் பொட்டலத்தில் வைக்கச் சம்மதிக்கிற பெண்ணின் குரலில் இத்தனை நிதானம் எப்படி வரும்? ஒன்று, எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். அல்லது எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் முன்னதையே நம்பினேன். அன்று மாலைப் பூசையில் பாட்டின் நடுவே அடி மறந்து நின்றேன். எனக்கு அப்படி ஆவதில்லை.

குறித்த நாளில் தம்பியும் மகளும் சிதம்பரம் வந்து சேர, மூவரும் குமராட்சி வழியாகப் போகும் மினிபஸ்ஸில் புறப்பட்டோம். நடவு நேரமாதலால் வண்டி முழுவதும் வயல்வேலைக்குப் போகும் பெண்கள். பூக்கூடையைத் தம்பி மடியில் வைத்து அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தான். நான் துண்டின் ஓரத்தை விலக்கிப் பார்க்க முயன்றபோது, "வாடிடும்க்கா," என்று மறுபடி மூடினான். அதுவும் என் கணக்கில் சேர்ந்தது.

மச்சான் பைக்கில் முன்னமே வந்து கோயில் வாசலில் நின்றிருந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. முந்திரிக் காடு வைத்திருப்பவர். பெண்ணைப் பார்த்ததும், "இன்னா மேனேஜரம்மா, பேங்க்குக்கு லீவா?" என்றார்.

"பர்மிஷன் மாமா."

"மாமனப் பாக்கறதுன்னா பர்மிஷன். அந்தப் பையனப் பாக்கறதுன்னா லீவு."

"அவன தெனமும் பாக்கறேன் மாமா. லீவு எதுக்கு?"

மச்சான் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பை நம்பவில்லை. தோற்கப் போகிறோம் என்று அஞ்சுகிறவர் இப்படிச் சிரிக்கமாட்டார் என்று எண்ணிக்கொண்டேன். தம்பி கூடையோடு கோயிலின் பின்புறம் போனான். பொட்டலம் கட்டும்போது யாரும் உடன் இருக்கக் கூடாது என்பது முறை. நாங்கள் மூவரும் அம்மனுக்கு எதிரே நின்றோம். எனக்கு நாவில் பாட்டு வந்தது, நெஞ்சில் வரவில்லை. தாயே, உன் திருவுளம் என்னவென்று கேட்பதாகச் சொல்லி உன்னை ஏமாற்றுகிறார்கள், நீ பார்த்துக்கொண்டு இருக்கிறாயே என்பதுதான் அன்றைய என் வழிபாடு.

தம்பி வந்தான். ஒரே அளவில் இரண்டு பொட்டலம், ஒரே விதமாகக் கட்டிய நார். பூசாரி வாங்கி அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டு கும்பிட வந்த ஒரு நடவுக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, ஒன்றை எடும்மா என்றார். அந்த அம்மாள் எதற்கென்று கேட்கவில்லை. இடப்பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் கும்பிடைப் பார்க்கப் போய்விட்டாள்.

பூசாரி நாரை அவிழ்த்தார். இலைக்குள் நந்தியாவட்டை வெள்ளைவெளேரென்று இருந்தது.

பெண் கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் அசையாமல் நின்றார். நான் அம்மன் முகத்தைப் பார்த்தேன். பிறகு தம்பியின் முகத்தை. அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நாளும் நான் போட்ட கணக்கு முழுவதும் தவறு என்று அந்த நொடியில் தெரிந்தது. கையைக் கூப்பித் தலைக்குமேல் வைத்தேன். என் சந்தேகத்துக்கு அம்மனே விடை சொல்லிவிட்டாள் என்று உண்மையாகவே நம்பினேன். பூசாரி மற்றொரு பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைக்கும் வரை நம்பினேன்.

வாய்க்காலில் அங்கே படித்துறை இல்லை. நீர் ஓடும் இடத்துக்கு வயல் வரப்பில் கொஞ்சம் நடக்க வேண்டும். வெயில் ஏறியிருந்தது. வரப்பில் சறுக்காமல் நடப்பதற்காகப் பொட்டலத்தைச் சற்று இறுக்கிப் பிடித்தேன். பிடித்தபோது விரல்கள் அதற்குள் அழுந்தின.

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு செடியும் இருக்கின்றன. நாள்தோறும் காலையில் நான் பறிக்கிற பூக்கள் அவை. இட்லிப்பூ கொத்தாக இருக்கும், ஒவ்வொரு பூவுக்கும் நீண்ட மெல்லிய காம்பு. வாடினாலும் அந்தக் காம்புகள் ஈர்க்குச்சி போல உறுத்தும். நந்தியாவட்டை அப்படியில்லை. பறித்த சிறிது நேரத்தில் துவண்டு, ஈரத் துணிபோல ஆகிவிடும். என் கையில் இருந்த பொட்டலம் துவண்டிருந்தது. எங்கே அழுத்தினாலும் ஒரு காம்பும் தட்டுப்படவில்லை.

எனக்கு முன்னால் தம்பி நடந்துகொண்டிருந்தான், திரும்பிப் பார்க்காமல். அவன் ஏமாற்றத்தான் செய்திருந்தான். நான் எதிர்பார்த்த பக்கம் அல்ல, மறுபக்கம். மகளிடம் சரி என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை போலும்.

நீர் ஓடும் இடத்துக்கு வந்து நான் குனிந்தேன்.

"அக்கா, இருங்க," என்றார் மச்சான். "அதப் பிரிச்சுப் பாத்துட்டுப் போடுங்களேன்."

"பிரிக்கிற வழக்கம் இல்லியே மச்சான்," என்றான் தம்பி.

"வழக்கம் இல்லதான். சும்மா பாத்துக்கலாம். உள்ள செவப்பு இருந்துச்சுன்னா நான் ஜாஸ்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"வெள்ள வந்துடுச்சேன்னு சாமி மேல கோவமா மாமா?" என்றாள் பெண். குரல் இப்போது நிதானமாக இல்லை.

"சாமி மேல எனக்கு இன்னா கோவம்? சாமிய யாரு சந்தேகப்பட்டா? சாமிக்குக் கட்டிக் குடுத்தவங்க..." என்று இழுத்து நிறுத்தினார்.

நான் பல நாளாக என் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டேன். அவர் கேட்டது நியாயமே. பிரித்தால் பெண்ணின் கல்யாணம் அந்த வரப்பிலேயே நின்றுவிடும். தம்பி இனி எந்தச் சபையிலும் தலை நிமிர முடியாது. பிரிக்காமல் நீரில் விட்டால், அம்மன் சந்நிதியில் நடந்த ஒரு பொய்க்கு நான் துணை. அறுபது ஆண்டுக்கும் மேலாக ஓதிய பாட்டுகளில் இதற்கொரு விடை இருக்கும் என்று தேடினேன். அவற்றில் கேட்பவர்கள் எல்லாரும் அழுகிறார்கள், வழக்காடுகிறார்கள், சினக்கிறார்கள். எதிரில் இருப்பவன் எதுவும் சொல்லுவதில்லை.

"தம்பி," என்றேன் மச்சானிடம். "பூக் கேக்கலாம்னு சொன்னது யாரு?"

"நான்தாங்க்கா."

"பெத்தவன்தான் கட்டணும்னு சொன்னது?"

"அதும் நான்தான்."

"அப்ப பிரிக்கிறதும் நீங்களே பிரிங்க. அம்மன் சொன்னது பத்தலன்னு ஒங்க கையால பிரிங்க. நான் தடுக்கல. இந்தாங்க."

பொட்டலத்தை நீட்டினேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று எனக்கு நானே பிறகு பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் அச்சத்தால் பிரிக்கமாட்டார் என்று நான் நம்பினேனா, பிரித்துவிடட்டும் என்று விட்டேனா என்பது இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

அவர் வாங்கிக்கொண்டார். நாரின் முடிச்சைப் பார்த்தார். அவருடைய பெருவிரல் இலையின்மேல் ஒருமுறை அழுந்தி எழுந்ததை நான் கண்டேன். செடி கொடியோடு ஆயுள் முழுவதும் பழகிய விரல். அவர் நிமிர்ந்து என் தம்பியைப் பார்த்தார். தம்பி வாய்க்காலைப் பார்த்தான். பெண் தன் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்தாள். அக்கரையில் நடவுப் பெண்கள் எதற்கோ உரக்கச் சிரித்தார்கள்.

மச்சான் குனிந்து பொட்டலத்தை நீரில் விட்டார். அது சற்றுத் தூரம் மிதந்து, மதகுக்குக் கீழே போய்விட்டது.

"ஒனக்கு அந்தப் பையன்தான் இஷ்டமா?" என்று பெண்ணிடம் கேட்டார்.

"ஆமாம் மாமா."

"என் பையன் வேணாமா?"

"வேணாம் மாமா. மொதல்லயே கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன். யாரும் என்னைய கேக்கல. அப்பாவ கேட்டீங்க, அத்தைய அப்பா கேட்டாரு, அம்மன கேட்டீங்க."

"கேட்டா இல்லன்னு சொல்லிடுவியேன்னுதான் கேக்கல."

 அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தோடு சேர்த்துக் கண்ணையும் துடைத்தாரா என்பதை நான் பார்க்கவில்லை. பைக் நிறுத்தியிருந்த இடம் வரை எங்களோடு நடந்தார். ஏறி உட்கார்ந்த பிறகு, "சர்ச்சுல வச்சாலும் சரி, மண்டபத்துல வச்சாலும் சரி, தாய்மாமன் மால நான்தான் போடுவேன். அவுங்க வீட்ல சொல்லி வச்சிடு," என்றார்.

"சொல்றேன் மாமா."

தை மாதம் திருமணம் கடலூரில் நடந்தது. அவர் சொன்னபடியே வந்தார், மாலையும் போட்டார். மகனையும் அழைத்து வந்து மாப்பிள்ளையோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, பாயசம் இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த விரலுக்கு அன்று வரப்பில் என்ன தெரிந்தது என்பதை அவர் முகத்திலிருந்து நான் படிக்க முயன்றேன். அவரும் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொட்டலத்தைச் சுமந்து வந்தவள். எனக்கு என்ன தெரியும் என்று அவரும் தேடியிருக்கலாம்.

தம்பியிடம் நான் ஒருமுறைதான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அன்றைக்குக் கொண்டுபோன இட்லிப்பூ நிறைய மிஞ்சியதா என்றேன்.

"மிஞ்சினதெல்லாம் அம்மனுக்கே சாத்திட்டேன்க்கா," என்றான்.

அன்று அம்மன் கழுத்தில் சிவப்பாக ஏதாவது இருந்ததா என்று எண்ணிப் பார்க்கிறேன். நான் அவள் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.